ஒரே கூண்டில் இரண்டு பாம்புகளை வளர்க்கலாமா? பின்னிக் கிடப்பது பாசமா, போட்டியா? - முழு விளக்கம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வயலும்தான். இங்கே வேலை செய்பவர்களுக்குப் பாம்பு புதிதல்ல. இரண்டு பெரிய பாம்புகள் உடல் முழுக்கப் பின்னிக்கொண்டு, தரையிலிருந்து எழும்பி எழும்பி விழும் காட்சியைப் பலரும் நேரில் பார்த்திருப்பார்கள். நேரில் பார்க்காதவர்கள் செல்போன் வீடியோவிலாவது பார்த்திருப்பார்கள். "சாரையும் நல்ல பாம்பும் சேருது, கிட்டப் போகாதீங்க" என்பதுதான் அப்போது கேட்கும் முதல் குரல்.

உண்மையில் அங்கே நல்ல பாம்பே இல்லை. பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைப்பாம்புகள். நடப்பது காதலும் அல்ல, மல்யுத்தம். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கிறது. தோற்ற பாம்பு இடத்தைக் காலி செய்துவிடும்.

பாம்புகள் நெருக்கமாக இருந்தாலே அது பாசம் என்று மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தவறு தோப்போடு நின்றுவிடுவதில்லை. வெளிநாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கும் பழக்கம் நகரங்களில் பரவிவரும் நிலையில், "ஒண்ணா இருந்தா போரடிக்கும், துணைக்கு இன்னொண்ணு வாங்கி அதே கூண்டுல விட்டுடலாம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியா? சட்டம் என்ன சொல்கிறது? அறிவியல் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

நாய் வேறு, பாம்பு வேறு

ராஜபாளையம் என்றாலே நாய்தான் நினைவுக்கு வரும். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட இந்திய நாய் இனத் தபால்தலைகளில் ராஜபாளையம் நாய்க்கும் இடம் கிடைத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு நாயின் குணம் நன்றாகத் தெரியும். நாய் கூட்டமாக வாழும் விலங்கு. தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கும், ஊளையிடும். இன்னொரு நாயோ மனிதரோ பக்கத்தில் இருந்தால்தான் அதற்குத் தெம்பு.

பாம்பு அப்படி அல்ல. பெரும்பாலான பாம்பு இனங்கள் தனியாக இரை தேடி, தனியாக உண்டு, தனியாக மறைந்து வாழ்பவை. இணைசேரும் காலத்தில் ஆணும் பெண்ணும் சந்திக்கும், பிறகு பிரிந்துவிடும். குட்டிகளை வளர்த்து ஆளாக்கும் வழக்கமும் பொதுவாக இல்லை. முட்டையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்தே குட்டிப் பாம்பு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அதனால், தனியாக இருக்கும் பாம்புக்கு 'போரடிக்கும்' என்பது மனிதரின் கற்பனை. பாம்புக்குத் தேவையானவை வேறு: சரியான வெப்பம், ஒளிந்துகொள்ள இடம், தண்ணீர், இரை, தொந்தரவு இல்லாத சூழல்.

முதலில் சட்டம்: நம்ம ஊர்ப் பாம்பை வளர்க்கவே கூடாது

தனிக்கூண்டா, ஒரே கூண்டா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தியக் காடுகளிலும் வயல்களிலும் வாழும் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வீட்டில் வைத்திருக்க முடியாது. விஷம் இல்லாத சாரையாக இருந்தாலும் சரி, தண்ணீர்ப் பாம்பாக இருந்தாலும் சரி, விதிவிலக்கு கிடையாது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, ஒரு காட்டுயிரைப் பிடிப்பதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடங்கும். கொல்ல வேண்டும் என்ற அவசியம் இல்லை. 2022-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல பாம்பு, ராஜநாகம், கண்ணாடி விரியன், சாரைப்பாம்பு, மலைப்பாம்பு ஆகியவை இப்போது உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் உள்ளன. இந்த அட்டவணையில் உள்ள உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

"சாரைக்குட்டிதானே, பாட்டில்ல போட்டு ரெண்டு நாள் வச்சுட்டு விட்டுடறோம்" என்று விளையாட்டாகச் செய்வதும் இந்தச் சட்டத்தின் பார்வையில் விளையாட்டு அல்ல. மண்ணுளிப் பாம்பை 'இருதலைப் பாம்பு, கோடிக்கணக்கில் விலை போகும்' என்று சொல்லி வாளியிலும் சாக்கிலும் பதுக்கி வைத்துச் சிக்கிக்கொள்பவர்களின் கதையும் இதேதான். அந்தப் பாம்புக்குத் தலை ஒன்றுதான். வால் மழுங்கியிருப்பதால் இரண்டு தலை போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் இது கூடுதல் கவனம் தேவைப்படும் விஷயம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மலைக்காடுகள் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அதற்கு முன்பே, 1988 முதல், சாம்பல் நிற அணில் சரணாலயமாகப் பாதுகாக்கப்பட்டு வரும் காடு இது.

அப்படியானால் வீடுகளில் வளர்க்கப்படுவது எந்தப் பாம்பு?

செல்லப்பிராணிச் சந்தையில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான். பயந்தால் பந்து போலச் சுருண்டுவிடும் சிறிய மலைப்பாம்பு இனம். இரண்டாவது, அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக். இரண்டுக்குமே விஷம் இல்லை. பால் பைத்தான் நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும்.

இவை இந்தியாவுக்குள் எப்படி வருகின்றன என்பதற்குத் தமிழ்நாட்டின் விமான நிலையங்களே சாட்சி. 2023 ஜனவரியில், பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில் யாரும் உரிமை கோராத இரண்டு பைகளைச் சுங்கத் துறையினர் பிரித்துப் பார்த்தபோது 45 பால் பைத்தான்கள், 8 கார்ன் ஸ்நேக்குகள், குட்டிக் குரங்குகள், ஆமைகள் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில், கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பெண் பயணியின் பைகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் சிக்கின. ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியின் டிராலி பையில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன.

கடத்திவரும் பாம்புகள் பையிலும் டப்பாவிலும் நெருக்கியடித்துத் திணிக்கப்படுகின்றன. வழியில் தண்ணீர் இல்லை, சரியான வெப்பம் இல்லை. ஒரு பாம்புக்கு நோயோ ஒட்டுண்ணியோ இருந்தால் மற்றவற்றுக்கும் பரவ இதைவிட வசதியான சூழல் இருக்க முடியாது. கடையில் வாங்கும் பாம்பு எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் அதைப் பழைய பாம்போடு ஒரே கூண்டில் விடுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே முதல் காரணம்.

பதிவு கட்டாயமா?

ஆம். பால் பைத்தான் போல, அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையான சைட்டீஸ் பட்டியலில் உள்ளவை, திருத்தப்பட்ட சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. இவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். வாங்கினால், கைமாறினால், குட்டி பிறந்தால், இறந்தால் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கூண்டு விஷயமும் சட்டமும் சந்திக்கின்றன. பால் பைத்தானில் எது ஆண், எது பெண் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. பழகியவர்கள்தான் சோதித்துச் சொல்ல முடியும். "ரெண்டும் பொண்ணுதான்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரே கூண்டில் விட்டால், சில மாதம் கழித்து முட்டைகள் கிடக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு குட்டிக்கும் கணக்கு, இடம், இரை, பொறுப்பு எல்லாம் வளர்ப்பவர் தலையில்.

கார்ன் ஸ்நேக் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. அதற்காக அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட முடியாது. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் தேவை. அது இல்லாவிட்டால் கடத்தல்தான்.

ஒரே கூண்டில் விட்டால் என்ன நடக்கும்?

1. இரைச் சண்டை: பாம்புக்கு மெல்லத் தெரியாது; இரையை முழுதாக விழுங்கும். கூண்டில் எலி வாசனை வந்ததும் இரண்டு பாம்புகளும் இரை தேடும் வேகத்துக்கு வந்துவிடும். அப்போது அசைவது எதுவானாலும் கடிக்கும், அது பக்கத்துப் பாம்பாக இருந்தாலும். இரண்டும் ஒரே எலியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் எளிதில் விட முடியாது. பெரிய பாம்பு எலியோடு சேர்த்துச் சின்ன பாம்பின் தலையையும் விழுங்கத் தொடங்கிவிடும். இரண்டுமே சாகலாம்.

2. பாம்பு தின்னும் பாம்புகள்: சில இனங்களுக்கு மற்ற பாம்புகளே உணவு. அமெரிக்காவின் கிங் ஸ்நேக் அப்படிப்பட்டது. நம்ம ஊரில் ராஜநாகத்தின் முக்கிய உணவே பாம்புதான். அதன் அறிவியல் பேரினப் பெயருக்கே 'பாம்புண்ணி' என்றுதான் பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல் ஆய்வாளர்கள் அறிவித்து, அதற்குக் 'காளிங்கா' என்று பெயரிட்டார்கள். கட்டு விரியனும் நல்ல பாம்பும்கூட மற்ற பாம்புகளைத் தின்னும். இனம் மாற்றிச் சேர்த்து வைப்பது பெரும் ஆபத்து.

3. வெப்பத்துக்குப் போட்டி: பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இரை செரிக்க வெதுவெதுப்பான மூலைக்குப் போகும். சூடு போதும் என்றால் குளிர்ந்த மூலைக்கு நகரும். கூண்டில் நல்ல இடம் ஒன்றுதான் இருக்கும். அதைப் பலமான பாம்பு எடுத்துக்கொண்டால், மற்றது குளிர்ந்த பக்கம் கிடக்கும். சாப்பிட்டது செரிக்காது, கக்கிவிடும், மெல்ல மெலியும்.

4. நோய் பரவும்: பாம்பின் ரத்தம் குடிக்கும் உண்ணிப்பூச்சி ஒரு பாம்பில் இருந்தால், கூண்டில் உள்ள எல்லாவற்றுக்கும் ஏறிவிடும். போவா, மலைப்பாம்பு இனங்களைத் தாக்கும் இன்க்ளூஷன் பாடி நோய் ஒரு வைரஸ் நோய். போவாக்கள் வெளியே எதுவும் தெரியாமல் நீண்டகாலம் இந்தக் கிருமியைச் சுமக்கலாம். மலைப்பாம்புகளில் நரம்பு மண்டலத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கிறது. இரைப்பையைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கும் நம்பகமான தீர்வு இல்லை. தண்ணீர்க் கிண்ணமும் தரையும் பொதுவாக இருந்தால் இவை பரவ வழி திறந்துவிடுகிறது.

5. யாருக்கு உடம்பு சரியில்லை என்றே தெரியாது: வளர்ப்பவர்கள் அதிகம் கவனிக்காத சிக்கல் இது. காலையில் கூண்டைத் திறந்தால் கக்கிய எலி கிடக்கிறது. எது கக்கியது? எச்சத்தில் ரத்தம் தெரிகிறது. யாருடையது? எடை குறைவதும், தோல் உரிக்காமல் இருப்பதும், இரை மறுப்பதும்தான் பாம்பு காட்டும் நோய் அறிகுறிகள். இரண்டு பாம்புகள் ஒரே இடத்தில் இருந்தால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். மருத்துவரிடம் கொண்டுபோகும்போது நேரம் கடந்திருக்கும்.

"ஆனா ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தானே கிடக்குது?"

ஒரே கூண்டில் வைப்பவர்கள் சொல்லும் பதில் இது. பல மாதங்களாகச் சண்டையே இல்லை, ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு தூங்குகின்றன, அப்புறம் என்ன பிரச்னை என்று கேட்பார்கள்.

பாம்பு குரைக்காது, உறுமாது. பாம்புகளுக்கு இடையே நடக்கும் அடக்குமுறை பெரும்பாலும் சத்தமில்லாதது. பலமான பாம்பு மற்றதன் மேல் போய்ப் படுத்துக்கொள்வதுகூட, நல்ல இடத்தைப் பிடிக்கும் முயற்சியாக இருக்கலாம். கூண்டில் ஒரே ஒரு வெதுவெதுப்பான இடமும் ஒரே ஒரு மறைவிடமும் இருந்தால் இரண்டு பாம்புகளும் அங்கேதான் போய்ச் சேரும். மழைக்கு ஒரே பேருந்து நிழற்குடையின் கீழ் நிற்பவர்களை உறவினர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கூண்டின் இரு மூலைகளிலும் ஒரே அளவு வெப்பமும் ஒரே மாதிரி மறைவிடமும் இருக்கும்போது பாம்புகள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் "பிரியமா இருக்கு" என்று முடிவு கட்டுவது அவசரம்.

ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றனவே?

ஆம், இதையும் சொல்லியாக வேண்டும். பாம்புகள் முழுக்க முழுக்கத் தனிமை விரும்பிகள் என்ற பழைய கருத்தை அண்மைக்கால ஆய்வுகள் அசைத்திருக்கின்றன.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், குளிர்காலத்தில் கார்ட்டர் பாம்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே பொந்துகளில் சேர்ந்து உறங்கி, வசந்தத்தில் கூட்டமாக வெளியே வருகின்றன. கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கார்ட்டர் பாம்புகள் குறிப்பிட்ட சில பாம்புகளோடு மட்டும் சேர்ந்திருக்க விரும்புவது தெரியவந்தது. 2023-ல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், பக்கத்தில் வேறொரு பாம்பு இருந்தபோது, பயமுறுத்தப்பட்ட கிலுகிலுப்பை விரியன்களின் இதயத்துடிப்பு அவ்வளவாக எகிறவில்லை.

வளர்ப்பவர்களை அதிகம் யோசிக்க வைத்தது 2024-ல் வெளியான பால் பைத்தான் ஆய்வு. அதே கனடா பல்கலைக்கழகக் குழு, ஆறு இளம் பாம்புகள் கொண்ட குழுக்களைப் பெரிய கூண்டுகளில் விட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைவிடம் இருந்தது. அப்படியும் பாம்புகள் பாதி நேரத்துக்கு மேல் ஒரே மறைவிடத்தில் கூட்டமாகத்தான் கிடந்தன. இங்கே இடத்துக்குப் போட்டி என்று சொல்ல முடியாது. தனிமை விரும்பி என்று கருதப்பட்ட இனம் சேர்ந்திருக்கத் தேர்ந்தெடுத்தது.

"அப்போ ஒரே கூண்டுல வைக்கலாம்னுதானே அர்த்தம்?" அவசரப்படக் கூடாது. அந்த ஆய்வு நடந்தது பெரிய கூண்டில், போதுமான மறைவிடங்களோடு, ஆய்வாளர்களின் தொடர் கண்காணிப்பில். பாம்புகள் விரும்பினால் பிரிந்து போகவும் வழி இருந்தது. வீட்டில் இருக்கும் இரண்டு, மூன்று அடிக் கண்ணாடிப் பெட்டியில் அந்த வழி இல்லை. இளம் பாம்புகள் சேர்ந்திருப்பதும், வளர்ந்த பாம்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருப்பதும் ஒன்றல்ல. அதோடு, பாம்புக்குத் துணை பிடிக்கிறது என்பதால் உண்ணிப்பூச்சி பரவாமல் போய்விடாது. எலிக்காக நடக்கும் விபத்தும் நின்றுவிடாது.

ஆக, ஆய்வுகள் சொல்வது பாம்பின் மனம் நாம் நினைத்ததைவிடச் சிக்கலானது என்பதைத்தான். ஒரே பெட்டியில் அடைத்துவிடுங்கள் என்று அவை சொல்லவில்லை.

பாம்புப் பண்ணைகளில் மட்டும் எப்படி?

சென்னை கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். இது போன்ற இடங்கள் அனுமதி பெற்றவை. பயிற்சி பெற்ற ஊழியர்கள், கால்நடை மருத்துவர், அன்றாடக் கண்காணிப்பு எல்லாம் இருக்கும். ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாம்புகளை வைத்தால் அதற்கேற்ற இடமும் கவனிப்பும் தேவை. அந்த ஏற்பாட்டில் கூண்டை மட்டும் வீட்டில் நகல் எடுத்துவிட்டு, மற்றதை விட்டுவிட முடியாது.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்கு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்களின் விஷத்தை அரசு அனுமதியோடு எடுக்கிறார்கள். பிடித்துவந்த பாம்புகளை மொத்தமாக ஓர் அறையில் விடுவதில்லை. மணல் நிரப்பிய மண்பானைகளில் பிரித்து வைத்து, வாயைத் துணியால் கட்டுகிறார்கள். மண்பானை குளுமை தரும், இருட்டாக இருக்கும், துணி வழியாகக் காற்று வரும். சில வாரங்களில் விஷம் எடுத்து முடித்ததும், அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகிய இருளர்களுக்கும் அது தெரியும். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தனிக்கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

சட்டப்படி வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

- பாம்பு உடலை முழுதாக நீட்டிப் படுக்கும் அளவுக்குக் கூண்டு இருக்க வேண்டும். 'சின்ன பெட்டியில்தான் பாம்புக்குப் பாதுகாப்பு உணர்வு' என்று சொல்வது பாதி உண்மைதான். பாதுகாப்பு தருவது மறைவிடம். கூண்டு சிறிதாக இருப்பது அல்ல.

- ஒரு பக்கம் வெதுவெதுப்பு, ஒரு பக்கம் குளிர்ச்சி. பால் பைத்தானுக்கு வெப்பமான பக்கம் சுமார் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 டிகிரி அளவில் இருக்கலாம். வெப்பம் தரும் கருவிக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லாவிட்டால் வயிறு வெந்துபோகும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கோடையில் சூடாக்குவதைவிடக் குளிர்ச்சியாக வைப்பதுதான் கஷ்டம். மொட்டைமாடி அறையில் கண்ணாடிப் பெட்டியை வைத்தால் அது அடுப்பாகிவிடும்.

- இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மறைவிடம் இருக்க வேண்டும். ஒரே பாம்புக்கே இரண்டு மறைவிடம் தேவை. அப்போதுதான் வெப்பத்துக்காகப் பயத்தையும், பயத்துக்காக வெப்பத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிராது.

- தண்ணீர்க் கிண்ணம், கவ்வி, சுத்தம் செய்யும் துணி எல்லாம் கூண்டுக்குக் கூண்டு தனியாக இருக்க வேண்டும்.

- புதிதாக வந்த பாம்பை, முடிந்தால் வேறு அறையில், குறைந்தது மூன்று மாதம் தனிமைப்படுத்த வேண்டும். பழைய பாம்பைக் கவனித்த பிறகே புதிய பாம்பின் பக்கம் போக வேண்டும். வரிசை மாறக் கூடாது.

- இணைசேர்க்கும் நோக்கம் இருந்தால், அனுபவம் உள்ளவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும், கண்காணிப்போடு சேர்த்துவிட்டு, பிறகு பிரித்துவிடுவார்கள். இரை கொடுப்பது எப்போதும் தனித்தனியாகத்தான்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால்?

மலையடிவார ஊர்களில் பாம்பு வளர்ப்பவரைவிட, வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டவர்கள்தான் அதிகம். மழைக்காலத்தில் தீயணைப்புத் துறைக்கும் பாம்பு பிடிப்பவர்களுக்கும் அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். தனித்தனியா, சேர்த்தா என்ற கேள்வி இங்கேயும் வருகிறது.

ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில் பாம்பு பிடிக்க நேர்ந்தால், எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கட்டு விரியனையும் ஓலைப்பாம்பையும் ஒரே சாக்கில் போட்டால், காட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு பாம்புதான் இருக்கக்கூடும். ஒரே இனமாக இருந்தாலும் நெருக்கத்திலும் சூட்டிலும் ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தும். காட்டுக்குள் விடும் பாம்பு நோயோடு போனால் அங்குள்ள மற்ற பாம்புகளுக்கும் கேடு. காற்று புகும் தனித்தனித் துணிப்பையும், அதன்மேல் தனித்தனி டப்பாவும்தான் பாதுகாப்பு.

இன்னொரு விஷயம், பிடித்த பாம்பை "நாளைக்கு விட்டுக்கலாம்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காட்டுயிர்கள் சட்டப்படி அரசின் சொத்து. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பாம்பைப் பார்த்த பொதுமக்கள் தாங்களே பிடிக்க முயலாமல், தூரமாக நின்று கண்காணித்துக்கொண்டு, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் கொடுப்பதே நல்லது. கடி பட்டுவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுருக்கமாக

இந்தியப் பாம்புகளை வீட்டில் தனியாகவும் வளர்க்கக் கூடாது, சேர்த்தும் வளர்க்கக் கூடாது. பதிவு செய்து வெளிநாட்டுப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு, ஒரு பாம்புக்கு ஒரு கூண்டு என்பதே பாதுகாப்பான கணக்கு. சில இனங்கள் துணையை விரும்பக்கூடும் என்று புதிய ஆய்வுகள் சொன்னாலும், வீட்டில் இருக்கும் பெட்டியின் அளவும் நோய் அபாயமும் அதனால் மாறிவிடவில்லை.

இரண்டு பாம்புகள் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு கூண்டு, இரண்டு தெர்மோஸ்டாட், இரண்டு பதிவு, இருபது ஆண்டுக்கு மேல் நீளும் இரண்டு பொறுப்பு தேவை. அதற்கு இடமோ பணமோ நேரமோ இல்லை என்றால், ஒரு பாம்போடு நிறுத்திக்கொள்ளலாம். துணை இல்லையே என்று அது ஏங்கப்போவதில்லை.